தரம் 6 நுழைவுப் பரீட்சைக்கு எப்போது தொடங்குவது? களுவாஞ்சிக்குடித் தாய்க்கு ஒரு பதில்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் இப்போது தரம் 4, மூன்றாம் தவணை. அடுத்த வருடம் அரசாங்கத்தின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. கட்டாரில் வேலை செய்யும் கணவருக்கு, மகனைத் தரம் 6இல் கொழும்பிலுள்ள ஒரு தனியார் பாடசாலையில் சேர்க்க ஆசை. அங்கே அவர்களே தனியாக ஒரு நுழைவுப் பரீட்சை வைக்கிறார்கள். ரியூசன் ஆசிரியர் ஒருவர் "மூன்றாம் தரத்திலேயே தொடங்கியிருக்க வேணும், இப்ப பிந்திப் போச்சு" என்று சொல்லிவிட்டாராம். உண்மையிலேயே பிந்திவிட்டதா, இரண்டு பரீட்சைக்கும் ஒன்றாக ஆயத்தப்படுத்தலாமா, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் படிக்க வைக்க வேண்டும் என்று கேட்கிறார்.

தங்கச்சி, பிந்தவில்லை. நான் ஆரம்பப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் படிப்பித்தவள். அதில் பெரும்பகுதி நாலாம், ஐந்தாம் தரங்கள்தான். மூன்றாம் தரத்திலிருந்து மொடல் பேப்பர் செய்து, ஐந்தாம் தரம் வரும்போது பென்சிலைப் பார்த்தாலே முகம் சுளித்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். ஐந்தாம் தரம் முதலாம் தவணையில்தான் கடந்தகால வினாத்தாளையே முதன்முதலாகத் தொட்டு, நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன்.

ஆனால் இரண்டு பரீட்சைக்கும் ஒரே கணக்கில் நாள் எண்ணாதீர்கள். புலமைப்பரிசில் பரீட்சை உங்கள் மகன் பாடசாலையில் தமிழில் படிப்பதையே கேட்கிறது. எழுத்துக்கூட்டாமல் வாசிக்கும் பிள்ளைக்கு உங்களிடம் இருக்கும் இந்தப் பத்து மாதம் தாராளம். கொழும்புத் தனியார் பாடசாலையின் பரீட்சையில் பெரும்பாலும் இங்கிலிஷ் ஒரு பெரிய பங்கு. மொழி பத்து மாதத்தில் வராது. அதற்கு வருடக் கணக்கு. தாய் தகப்பன் பலர் இந்த இரண்டையும் ஒரே ரியூசன் வகுப்புக்குள் போட்டு முடித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் பிள்ளை நசிபடுகிறது.

முதலில் புலமைப்பரிசிலைப் பார்ப்போம், திகதியிலிருந்து. பல வருடமாக அது ஓகஸ்ட் மாதத்துப் பரீட்சை. 2019இல் ஓகஸ்ட் 4. அப்புறம் கொரோனா வந்தது. 2020ஆம் ஆண்டுப் பரீட்சை ஒக்டோபர் 11க்குப் போனது. 2021ஆம் ஆண்டுப் பரீட்சையைப் பிள்ளைகள் எழுதியது 2022 ஜனவரி 22. 2022ஆம் ஆண்டுக்கானது டிசெம்பர் 18, நமது பக்கத்தில் மாரி மழை கொட்டுகிற நேரம். 2023இல் ஒக்டோபர் 15, 2024இல் செப்டெம்பர் 15, 2025இல் ஓகஸ்ட் 10. கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே அடுத்த வருடமும் ஓகஸ்ட் என்றே வைத்துத் திட்டமிடுங்கள், ஆனால் கடைசி வாரத்தில் உச்சிக்கு வரும்படி பிள்ளையை முடுக்காதீர்கள். திகதி தள்ளிப்போன வருடங்களில், ஓகஸ்டுக்கென்று விடிய நாலு மணிக்கு எழுப்பிப் படிப்பித்த பிள்ளைகள்தான் ஒக்டோபரில் களைத்துப்போய் வந்து எழுதினார்கள். ஆறுதலாகப் போன பிள்ளைகளுக்கு அந்த இரண்டு மாதம் லாபமாக இருந்தது.

2024இல் நடந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன என்று பிரச்சினை கிளம்பி, உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் அந்த மூன்றுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப்புள்ளி கொடுப்பதென்று முடிந்தது. பெறுபேறு வர 2025 ஜனவரி ஆகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைகள் நாலு மாதம் காத்திருந்தார்கள். 2025இல் பரீட்சை முடிந்து ஒரு மாதத்துக்குள்ளேயே பெறுபேறு வந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தனியார் பாடசாலை விண்ணப்பத்தை இந்தப் பெறுபேற்றில் தொங்க வைக்காதீர்கள். இரண்டும் தனித்தனி வண்டி.

பரீட்சையில் இரண்டு வினாத்தாள். முதலாவது நுண்ணறிவு, ஒரு மணித்தியாலத்தில் 40 வினா. இரண்டாவது ஒரு மணி பதினைந்து நிமிடம். தமிழ், கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள், அதோடு இங்கிலிஷும் சிங்களமும் கொஞ்சம். மொத்தம் 200 புள்ளி. இரண்டாம் வினாத்தாளை முதலில் கொடுத்த வருடங்களும் உண்டு, ஆகவே வீட்டில் பழக்கும்போது இரண்டு ஒழுங்கிலும் பழக்குங்கள். சில பிள்ளைகளுக்கு எதிர்பாராத தாள் முதலில் கைக்கு வந்தால் அந்தத் திகைப்பிலேயே பத்து நிமிடம் போய்விடும்.

நுண்ணறிவு என்றதும் பெற்றோர் பயப்படுகிறார்கள். 3, 6, 11, 18 என்று வரும் தொடரில் அடுத்தது எது? வித்தியாசத்தைப் பார்த்தால் 3, 5, 7, ஆகவே அடுத்த வித்தியாசம் 9, விடை 27. காலையில் சூரிய வெயில் முதுகில் படும்படி நடந்த ஒருவன் இடப்பக்கம் திரும்பினால் எந்தத் திசையைப் பார்ப்பான்? தெற்கு. இவ்வளவுதான். இருபது, இருபத்தைந்து வகை இருக்கும்; ஒவ்வொரு வகையையும் பிள்ளை ஒரு தரம் விளங்கிச் செய்தால், பிறகு தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

பிள்ளைகள் புள்ளி இழப்பது வேறு இடத்தில். ஒரு பையன், படுவான்கரைப் பக்கம், கணக்கில் கெட்டிக்காரன். "பின்வருவனவற்றுள் பறவை அல்லாதது எது?" என்ற வினாவுக்குக் கொக்கின் கீழே கோடு போட்டிருந்தான். வௌவாலும் அங்கே இருக்கிறது. பக்கத்தில் கூப்பிட்டு உரத்து வாசிக்கச் சொன்னேன். "பின்வருவனவற்றுள் பறவை எது" என்று வாசித்தான். இன்னொருதரம் வாசி என்றேன். அதே மாதிரித்தான் வாசித்தான். அவனுடைய விரலைப் பிடித்து ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து நகர்த்தினேன். நாலாவது முறை விரல் "அல்லாதது" மேல் நின்றது. தலையை நிமிர்த்தி, "ரீச்சர், அல்லாததெண்டு கிடக்கு" என்றான். அந்தச் சொல் அவன் கண்ணுக்கு அதுவரை தெரியவேயில்லை. அந்த வினாத்தாளை முழுக்க அப்படி விரல் வைத்து வாசிக்க வைத்தேன். பிழைத்திருந்த பதினொரு வினாவில் ஏழு வினாவை என் உதவியில்லாமல் தானே திருத்தினான்.

இன்னொரு வகை, பாதியில் நிற்பது. ஒரு பென்சில் 15 ரூபா, நாலு பென்சில் வாங்கி 100 ரூபாய்த் தாளைக் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 60 என்று எழுதுவார்கள். பதினைந்து நாலு அறுபது என்று பெருக்கியதும் மனம் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறது. கேட்டது மிச்சம், விடை 40. இது கணிதம் தெரியாத பிழை இல்லை. இதற்கு இன்னும் நூறு பெருக்கல் கணக்குக் கொடுத்து என்ன பயன்?

அதனால்தான் நான் எல்லாப் பெற்றோரிடமும் ஒரு பிழைக் கொப்பி வைக்கச் சொல்வேன். 80 பக்கக் கொப்பி போதும். ஒவ்வொரு வினாத்தாள் செய்தபிறகும், பிழைத்த வினாவை மட்டும் அதில் எழுதி, பக்கத்தில் காரணத்தையும் பிள்ளையின் கையாலேயே எழுத விடுங்கள். தெரியவில்லை, வாசிப்பில் பிழைத்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன், அவசரப்பட்டேன், இந்த நாலில் ஒன்று. ஒரு மாதத்தில் எது அதிகம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். "தெரியவில்லை" அதிகமென்றால் வகுப்பாசிரியரைப் பிடியுங்கள். மற்ற மூன்றும் அதிகமென்றால் வினாத்தாளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், கூட்டாதீர்கள். வாரத்துக்கு ஐந்து பேப்பர் செய்து புள்ளியை மட்டும் பார்க்கும் பிள்ளையைவிட, ஒரு பேப்பர் செய்து பிழைகளோடு இரண்டு நாள் இருக்கும் பிள்ளை முன்னுக்குப் போகும். இதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

சரி, இந்தப் பத்து மாதத்தை நமது ஊர்க் காலநிலையோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொழும்பில் அச்சடித்து விற்கிற அட்டவணைகள் நமக்குப் பொருந்தாது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை இங்கே மழை. வெள்ளம் வந்தால் பாடசாலையும் இல்லை, ரியூசனும் இல்லை. இந்த மூன்று மாதத்தையும் வாசிப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். கதைப் புத்தகம், சிறுவர் சஞ்சிகை, பத்திரிகையின் சிறுவர் பக்கம், எதுவானாலும் ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம். வாசித்ததை உங்களுக்குக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். நாலாம் தரப் பாடப் புத்தகங்களைத் திரும்ப ஒருதரம் தட்டட்டும், ஏனென்றால் அந்த அத்திவாரத்தில் ஓட்டை இருந்தால் ஐந்தாம் தரத்தில் அது பெரிதாகத் தெரியும். மொடல் பேப்பர் இந்த மாதங்களில் வேண்டவே வேண்டாம்.

பெப்ரவரி தொடங்கி ஏப்ரல் புத்தாண்டு வரை ஐந்தாம் தரப் பாடங்களைப் பாடசாலையோடு சேர்ந்து போகட்டும். வாரத்துக்கு ஒரு நுண்ணறிவு வகை. புத்தாண்டுக்குப் பிறகு, வாரத்துக்கு ஒரு கடந்தகால வினாத்தாள், மணிக்கூடு இல்லாமல். ஆமாம், மணிக்கூடு இல்லாமல்தான். முதலில் சரியாகச் செய்யப் பழகட்டும், வேகம் தானாக வரும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும். எங்கள் பக்கத்துப் பிள்ளையை அந்த வாரத்தில் வீட்டில் பூட்டி வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஒரு வாரம் கொப்பியை மூடி வையுங்கள். ஆனி மாதம் முதல்தான் நேரம் வைத்துச் செய்வது. நுண்ணறிவுக்கு ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம்தான் வரும், ஆகவே வராத வினாவில் குந்திக்கொண்டிராமல் தாண்டிப்போய்த் திரும்பி வரும் பழக்கத்தை இந்த மாதங்களில் கொண்டுவர வேண்டும். மாமாங்கக் கோயில் தீர்த்தம் ஆடி அமாவாசையில், பரீட்சைக்குக் கிட்ட வரும். ஒரு நாள் போய்வருவதால் ஒன்றும் கெடாது. பத்து நாள் திருவிழாவுக்கும் இரவிரவாகக் கண்விழிப்பதுதான் கெடுக்கும்.

அந்த மாதங்களில் இன்னொன்று, வெக்கையான கச்சான் காற்று. மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பிள்ளைகளை அடைத்து நடத்தும் வகுப்பில் என்ன ஏறும் என்று நினைக்கிறீர்கள்? நான் ஒருமுறை அப்படி ஒரு வகுப்புக்குப் போய்ப் பின்வாங்கில் இருந்து பார்த்தேன். படிப்பித்தவர் கெட்டிக்காரர், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பின்னால் இருந்த ஆறு பிள்ளைகள் பலகையில் எழுதிய விடையைக் கொப்பி பண்ணுவதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. உங்கள் மகன் பாடசாலை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஒரு மணித்தியாலம் படுத்து எழும்பி, விளையாடிவிட்டு, பின்னேரம் ஒரு மணித்தியாலம் படிக்கட்டும். கடைசி மூன்று மாதத்தில் அதை ஒன்றரையாக்கலாம். சனி ஞாயிறில் ஒரு நாள் காலையில் வினாத்தாள், மற்ற நாள் முழு விடுமுறை. ரியூசன் போடத்தான் வேண்டுமென்றால் ஒன்று, ஒரேயொன்று, வீட்டுக்குக் கிட்ட, இருபது பிள்ளைக்கு மேல் இல்லாத இடமாகப் பாருங்கள். இரவு ஒன்பதுக்குப் படுக்கை.

பரீட்சைக்கு நாலைந்து நாளுக்கு முன்னிருந்து ரியூசன் வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களமே தடை செய்துவிடும். அந்த நாட்களில் "இது கட்டாயம் வரும்" என்று வட்ஸ்அப்பில் ஓடித்திரியும் தாள்களைப் பிள்ளையின் கண்ணில் காட்ட வேண்டாம்.

இனித் தனியார் பாடசாலை. இதில் ஒரு குழப்பத்தை முதலில் தீர்க்க வேண்டும். மிஷன் பாடசாலை என்றால் தனியார் என்று பலர் நினைக்கிறார்கள். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் தொடங்கியது, புனித மிக்கேல் கல்லூரி 1873இல். கல்லடி உப்போடை சிவானந்தாவைச் சுவாமி விபுலாநந்தர் 1929இல் தொடங்கிவைத்தார். 1960களின் தொடக்கத்தில், அரச உதவி பெற்று நடந்த பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்று இவையெல்லாம் அரச பாடசாலைகள். தரம் 6க்கு இவை தனியாகப் பரீட்சை வைப்பதில்லை, புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிதான், அதாவது சேர்வதற்கு எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளிதான் வாசல். உங்கள் ஊர்ப் பட்டிருப்பு மத்திய மகா வித்தியாலயமும், தெற்கே கல்முனைக் கார்மேல் பற்றிமாவும் அரச பாடசாலைகள்தான். அந்தக் காலத்தில் அரசிடம் போகாமல் நின்ற சில பாடசாலைகள் இன்றும் தனியார் பாடசாலைகளாக இருக்கின்றன. சர்வதேசப் பாடசாலை என்பது இன்னொரு இனம். அவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்து நடப்பவை, பெரும்பாலும் பிரித்தானியப் பாடத்திட்டம், எல்லாம் இங்கிலிஷில்.

உங்கள் கணவர் நினைப்பது இந்த இரண்டில் எது? அதுதான் முதல் கேள்வி. அந்தப் பாடசாலைக்கு இந்த மாதமே ஒரு கோல் எடுங்கள். தமிழ்மொழி மூலப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கொழும்பில் சில தனியார் பாடசாலைகளில் இருக்கிறது. நுழைவுப் பரீட்சை எந்த மொழியில், எந்தெந்தப் பாடத்தில், நேர்முகம் இருக்கிறதா, பெற்றோரும் வர வேண்டுமா என்று கேளுங்கள். பழைய வினாத்தாளோ மாதிரியோ தருவார்களா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், சில இடங்களில் தருவார்கள். விண்ணப்பம் எந்த மாதத்தில் கொடுக்கிறார்கள், விடுதி இருக்கிறதா, சமயத்துக்கோ பழைய மாணவரின் பிள்ளைகளுக்கோ முன்னுரிமை இருக்கிறதா என்பதையும் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு பாடசாலையும் தன் இஷ்டப்படி திகதி வைக்கும். நாடு முழுவதுக்கும் ஒரே நாள் என்று கிடையாது. ஓகஸ்டுக்கு முன்னாலேயே விண்ணப்பம் முடிந்துவிடுகிற பாடசாலையாக இருந்தால், புலமைப்பரிசில் முடியட்டும் பார்ப்போம் என்று இருந்தவர் வாசலில் நிற்க வேண்டியதுதான். பிறப்புச் சான்றிதழ், தவணை அறிக்கைகள், சமயச் சான்றிதழ் ஆகியவற்றின் உறுதிப்படுத்திய பிரதிகளை இப்போதே ஒரு பைலில் போட்டுவிடுங்கள்.

பரீட்சை இங்கிலிஷில் என்று சொன்னால், மகனுடைய நிலையை நீங்களே பார்க்கலாம். மூன்றாம் தர இங்கிலிஷ் புத்தகத்திலிருந்து அவன் பார்க்காத ஒரு பக்கத்தைக் கொடுங்கள். தடக்காமல் வாசித்து, என்ன நடந்தது என்று தமிழில் சொல்கிறானா? சொன்னால், பத்து மாதத்தில் கொண்டுபோகலாம், முயற்சி செய்யுங்கள். ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டினால், தரம் 6 இங்கிலிஷ் நுழைவுக்கு அடுத்த வருடம் அவன் ஆயத்தமாக மாட்டான். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் காசையும் பிள்ளையின் நம்பிக்கையையும் கொட்டிவிட்டுப் பிறகு தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிவது நல்லது. அந்தப் பரீட்சைகளில் பெரும்பாலும் ஒரு பந்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள், ஒரு விடயத்தைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொல்வார்கள். கணக்குக்கூட இங்கிலிஷில் எழுதியிருப்பார்கள். மீதி, பாதி, பெருக்கம் எல்லாவற்றுக்கும் அங்கே வேறு சொல். தமிழில் பதினைந்து நிமிடத்தில் முடிக்கிற கணக்கை, கேள்வி விளங்காமல் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் எனக்குத் தெரியும்.

இலக்கணக் கொப்பியை நிரப்புவதால் இது சரிவராது. கணவர் கட்டாரிலிருந்து இரவில் வட்ஸ்அப்பில் கதைப்பார்தானே? அந்த நேரத்தில் மகன் ஒரு சின்ன இங்கிலிஷ் கதைப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் அவருக்கு வாசித்துக் காட்டட்டும். அவர் பிழை பிடிக்க வேண்டாம். கேட்டுவிட்டு, இரண்டு கேள்வி கேட்டால் போதும். என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் தகப்பன் சவூதியில் சாரதி. பெரிய இங்கிலிஷ் ஒன்றும் இல்லை, ஆனால் வேலைத்தளத்தில் பழகியது. இரவு எட்டரைக்கு மகள் வாசிப்பாள், அவர் லொறியை நிறுத்திவிட்டுக் கேட்பார். இடையில் சிக்னல் விட்டுப்போனால் அந்த வரியை மறுபடி வாசிப்பாள். அப்படி மூன்று வருடம். ஒரே வரியை இரண்டு மூன்று தரம் வாசித்ததே அவளுக்கு நல்லதாகிவிட்டது என்று தாய் பிறகு என்னிடம் சொன்னா. ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான், ஆனால் ஒரு நாளும் தவறவில்லை.

நேரம் போதவில்லை என்று கண்டால் என்ன செய்வது? தமிழ்மொழி மூலப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் தரம் 6ஐ விட்டுவிடலாம். ஏழு, எட்டில் வெற்றிடம் வரும்போது பரீட்சை வைத்துச் சேர்க்கும் பாடசாலைகள் இருக்கின்றன, ஓ.எல் முடித்து உயர்தரத்துக்குச் சேர்ப்பவையும் இருக்கின்றன. அரச பாடசாலைகள் சிலவற்றிலேயே தரம் 6 தொடக்கம் சில பாடங்களை இங்கிலிஷில் படிக்கும் இருமொழி வகுப்பு இருக்கிறது. வெட்டுப்புள்ளி எடுத்து அப்படி ஒரு வகுப்புக்குள் போனால், உங்கள் கணவர் விரும்புவதில் பாதிக்கு மேல் ஊரிலேயே கிடைக்கும். என் மனதைக் கேட்டால், பதினொரு வயதில் விடுதிக்கு அனுப்பும் முடிவைப் பாடசாலையின் பெயரை வைத்து எடுக்காதீர்கள். மகன் இரவில் தனியாகப் படுப்பானா, தன் உடுப்பைத் தானே தோய்ப்பானா, வயிற்றுக்குத்து என்றால் ஒரு பெரியவரிடம் போய்ச் சொல்வானா என்று பாருங்கள். சில பிள்ளைகள் செய்வார்கள், அவர்களை அனுப்பலாம். வந்தாறுமூலை மத்திய கல்லூரி விடுதியில் இருந்து படித்த கிராமத்துப் பிள்ளைகள் ஒரு தலைமுறையே இருந்தது. அந்தக் காலக் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் மத்திய கல்லூரிகளும் இந்தப் புலமைப்பரிசிலும் அப்படியான பிள்ளைகளுக்காகத்தான் வந்தன. ஆனால் அந்த விடுதியிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வந்து போகலாம். கொழும்பு அப்படி இல்லை.

கொழும்புக்குப் பரீட்சை எழுதக் கூட்டிப் போகும்போது ஒரு பிழை விடாதீர்கள். எனக்கு வேண்டிய ஒரு குடும்பம், செலவை மிச்சம் பிடிக்க இரவு பஸ்ஸில் போனார்கள். விடிய ஐந்தரைக்கு இறங்கி, பஸ் நிலையத்திலேயே முகம் கழுவி, பணிஸ் ஒன்று தின்று, எட்டரைக்குப் பரீட்சை. பையன் வாசிப்புப் பந்தியின் நடுவில் மேசையில் தலை வைத்துவிட்டான். பக்கத்துப் பிள்ளை தட்டி எழுப்பியபோது இருபது நிமிடம் மிச்சம். வெளியே வந்து தாயிடம், "அம்மா, எனக்குத் தெரியும் அம்மா, ஆனா கண் மூடிற்று" என்று சொல்லி அழுதானாம். பாடசாலையில் யாரும் பிழை செய்யவில்லை, அந்தப் பயணம்தான் பிழை. மட்டக்களப்பிலிருந்து ரயிலோ பஸ்ஸோ எட்டு ஒன்பது மணித்தியாலம். முதல் நாள் பகலிலேயே போய், சொந்தக்காரர் வீட்டில் ஒரு இரவு படுக்க வைத்து, அடுத்த நாள் காலை கூட்டிப் போங்கள். முடிந்தால் முதல் நாள் பின்னேரம் அந்தப் பாடசாலை வாசலை ஒருதரம் காட்டிவிடுங்கள்.

புலமைப்பரிசில் அன்றைக்கு இதில் எதுவும் இல்லை, நிலையம் கிட்டத்தான். கூர் சீவிய இரண்டு பென்சில், நீலப் பேனை இரண்டு, அழிறப்பர், தண்ணீர்ப் போத்தல். பரீட்சை இலக்கமான சுட்டெண்ணை எழுதும் பழக்கத்தை வீட்டிலேயே ஒவ்வொரு வினாத்தாளிலும் கொண்டுவாருங்கள். காலையில் புட்டோ இடியப்பமோ வழக்கமாகச் சாப்பிடுவதையே கொடுங்கள். இடைவேளையில் வெளியே வரும் பிள்ளையிடம் "அந்தக் கணக்குக்கு என்ன விடை போட்டாய்" என்று கேட்காதீர்கள். அடுத்த தாள் இன்னும் இருக்கிறது.

புள்ளியைப் பற்றி: வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறும், ஒவ்வொரு வருடமும் வேறு. பாடசாலை அனுமதிக்கான வெட்டுப்புள்ளி அதைவிட வேறு, பிரபலமான பாடசாலைக்கு எப்போதும் கூட. உதவிப் பணம் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத்தான், மாதம் 750 ரூபாவாக இருந்ததை 1,500 ஆக்குவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை போன வருடம் எடுத்த புள்ளியை மகனுக்கு இலக்காகச் சொல்லாதீர்கள். அவனுடைய போன மாதத்துப் பிழைக் கொப்பிதான் அவனுக்கு அளவு.

இந்தச் சனிக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். காலை ஒன்பது மணிக்கு, மழை விட்டிருந்தால் விறாந்தையில், மகனிடம் நாலாம் தரத் தவணைப் பரீட்சைத் தாள் ஒன்றையும், நான் சொன்ன மூன்றாம் தர இங்கிலிஷ் பக்கத்தையும் கொடுங்கள். நேரம் வைக்காதீர்கள், பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். உரத்து வாசிக்கும்போது எந்தச் சொல்லைத் தாண்டிப் போகிறான் என்று மட்டும் ஒரு துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதையும், பாடசாலையிடம் கேட்டு எழுதிய தாளையும் எனக்கு எழுதி அனுப்பினால், எந்த வாரத்தில் என்ன செய்வது என்று இருவருமாக இருந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம்.